செயற்கைக் கால் பழகுவது எப்படி?

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் மறுபடி நடக்கலாம். படி ஏறலாம், பஸ் பிடிக்கலாம், ஷிப்ட் வேலைக்குத் திரும்பலாம். இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சொந்த முழங்கால் மூட்டு தப்பியிருந்து, உடல்நிலையும் ஒத்துழைத்தால், ஊன்றுகோல் இல்லாத நடை பலருக்கும் கைகூடுகிறது.

இருந்தும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் செயற்கைக் கால் பீரோவுக்குப் பின்னால் தூசி படிந்து நிற்கும் வீடுகள் இருக்கின்றன. ஏன் என்று கேட்டால், "போட்டா வலிக்குது" என்பதுதான் பதில். அந்த வலிக்குப் பாதத்தைவிட, காலை உள்ளே வாங்கிக்கொள்ளும் சாக்கெட்தான் பெரும்பாலும் காரணம். அதைத் தேய்க்கலாம், சூடுகாட்டி விரிக்கலாம், தேவைப்பட்டால் புதிதாகவே செய்யலாம். கால் பொருத்துவது ஒருநாள் காரியம் இல்லை. பல தடவை போய்வந்து முடிக்கவேண்டிய வேலை. இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

இந்தப் பக்கத்தில் கால் போவதற்கான காரணங்கள் ஊரறிந்தவை: சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் நடக்கும் விபத்துகள், அவசரத்தில் தண்டவாளத்தைக் கடப்பது, தொழிற்பேட்டை இயந்திரங்கள். இவற்றோடு, சர்க்கரை நோயில் ஆறாமல் அழுகிப்போகும் புண். கடைசியாகச் சொன்ன காரணத்தால் காலை இழந்தவர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். அவர்களுக்கு உணர்ச்சி மரத்துப்போயிருக்கும். மற்றக் காலும் ஆபத்தில் இருக்கும்.

தையல் பிரித்த பிறகு

எடுத்தது போக மிஞ்சியிருக்கும் பகுதியை மருத்துவமனையில் ஸ்டம்ப் என்பார்கள். தையல் பிரிக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதன் பிறகும் ஸ்டம்ப் வீங்கியே இருக்கும். வீக்கத்தோடு அளவெடுத்தால், அது வடிந்ததும் சாக்கெட் தொளதொளத்துப் போகும். ஆகவே முதலில் வீக்கத்தை வடியவிட்டு, ஸ்டம்ப்பை நுனி ஒடுங்கிய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். விபத்தில் காலை இழந்த, மற்றபடி திடமான ஒருவருக்கு இதற்கு ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். சர்க்கரை நோயாளிக்குப் புண் ஆறவே நாளாகும். அங்கே அவசரம் உதவாது.

வீக்கத்தை வடியவைப்பது கிரேப் பேண்டேஜ். அதை வளையம் வளையமாகச் சுற்றக் கூடாது. குறுக்கும் மறுக்குமாக, எட்டு வடிவத்தில் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து, தோலைப் பார்த்துவிட்டு, மறுபடி சுற்ற வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே வீட்டில் ஒருவர் இதைக் கற்றுக்கொள்வது அவசியம்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருக்கும். ஆனால் அப்படிப் படுக்கக் கூடாது. மூட்டு மடங்கிய வாக்கிலேயே இறுகிவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த பாதம் வாங்கினாலும் நேராக நிற்க முடியாது. உட்காரும்போது ஸ்டம்ப்பைத் தொங்கவிடாமல் ஒரு பலகைமேல் நீட்டி வையுங்கள். தினமும் சிறிது நேரம் குப்புறப் படுங்கள். இடுப்பு மூட்டும் நேராக இருக்கும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாத பெருவிரல் அரிக்கும். இல்லாத குதிகால் முறுக்கி வலிக்கும். இது மனப்பிரமை அல்ல. போன காலுக்கான இடத்தை மூளை இன்னும் வைத்திருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடிப் பயிற்சியை முன்வைத்தார். இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை அசைக்க வேண்டும். போன கால் வலியில்லாமல் அசைவதாக மூளைக்குத் தோன்றும். எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. பலருக்கு வலி குறைந்திருக்கிறது. இதற்கு மாத்திரைகளும் உண்டு. வெளியே சொல்லத் தயங்கி வலியோடு இருக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அளவெடுக்கும் நாள்

டேப் வைத்து அளந்து முடிக்கிற வேலை இல்லை இது. ஸ்டம்ப்புக்கு ஈரமான மெல்லிய உறை ஒன்றை மாட்டிவிட்டு, டெக்னீஷியன் அழியாத பென்சிலால் குறி போடுவார். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார், வெளிப்புறமாக முட்டிக்கொண்டு தெரியும் சின்ன எலும்பு, முன்னெலும்பின் விளிம்பு, வெட்டிய எலும்பின் நுனி என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறி. அதன்மேல் மாவுக்கட்டு போடுவார். மாவு இறுகும்போது வெதுவெதுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் அவர் தன் இரண்டு கட்டைவிரல்களாலும் சில்லுக்குக் கீழே அழுத்திப் பிடிப்பார். முழங்காலைச் சற்றே மடக்கி, தசையை விறைக்காமல் அசையாமல் வைத்திருப்பது மட்டும்தான் உங்கள் வேலை. அவர் விரல் அழுத்திய அந்த இடத்தில்தான் நாளைக்கு உங்கள் எடையின் ஒரு பெரும்பங்கு உட்காரப்போகிறது.

கட்டைக் கழற்றியதும் பென்சில் குறிகள் மாவின் உட்புறத்தில் பதிந்திருக்கும். அதற்குள் மாவுக் கரைசலை ஊற்றி, உங்கள் ஸ்டம்ப்பின் அச்சை எடுப்பார்கள். கைவேலை அங்கேதான் இருக்கிறது. எடையைத் தாங்கக்கூடிய சதைப்பற்றுள்ள இடங்களில் அச்சைச் சுரண்டிக் குறைப்பார்கள். எலும்பு முட்டும் இடங்களில் மாவைப் பூசிக் கூட்டுவார்கள். அச்சு குறைந்த இடத்தில் சாக்கெட் அழுத்தும், கூடிய இடத்தில் விலகி நிற்கும். இந்த அச்சின்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தியோ ரெசின் ஊற்றியோ சாக்கெட் செய்வார்கள்.

முதல் தடவை மாட்டிப் பார்க்கும்போது வாய் திறந்து பேசுங்கள். "எங்கே அழுத்துது?" என்று கேட்டால் விரலால் தொட்டுக் காட்டுங்கள். அழுத்தம் விழும் இடம் தெரிய, உறையின்மேல் லிப்ஸ்டிக் தடவிப் பார்ப்பதுண்டு. நுனி தட்டுகிறதா என்று பார்க்க, சாக்கெட்டின் அடியில் சிறு களிமண் உருண்டை போடுவதும் உண்டு. அவசரப்படுத்தாமல் இதையெல்லாம் செய்யும் இடம் நல்ல இடம். வேலை செய்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதும் உங்கள் உரிமை.

எந்தப் பாதம்?

விலைப்பட்டியலைப் பார்த்துப் பாதம் தேர்ந்தெடுக்க வேண்டாம். நீங்கள் நடக்கும் தரையைப் பாருங்கள்.

எளிய வகை, சாக் பாதம். 1950களில் அமெரிக்காவில், பெர்க்லியில் உருவானது. இதில் அசையும் கணுக்கால் கிடையாது. உள்ளே விறைப்பான கட்டை, குதிகாலில் மெத்தென்ற ரப்பர். குதிகால் ஊன்றும்போது ரப்பர் அமுங்க, கணுக்கால் மடங்குவதுபோன்ற நடை வரும். பழுது குறைவு, விலையும் குறைவு. ஆனால் செருப்போ ஷூவோ போட்டு நடப்பதற்கென்றே பெரும்பாலும் வடிவமைக்கப்பட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும் நம் வீடுகளில் இது ஒரு சிக்கல். குதிகால் உயரம் குறைந்ததும் முழங்கால் பின்னோக்கித் தள்ளப்படும்.

ஜெய்ப்பூர் கால் இந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தது. 1968இல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கினார்கள். மரமும் நுண்துளை ரப்பரும் வைத்து, மேலே தோல் நிற ரப்பர் போர்த்தி அச்சில் வேகவைத்த பாதம். வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், மேடு பள்ளத்துக்கு ஏற்பப் பாதம் பக்கவாட்டில் வளையும், தரையில் உட்கார்ந்து எழ வசதி. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. 1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இந்தக் காலை இலவசமாகக் கொடுத்துவருகிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்திலேயே ஜெய்ப்பூர் கால் செய்யும் மையம் இயங்கியது. இதன் குறை எடை. ரப்பரும் சில ஆண்டுகளில் வெடிக்கும், மாற்ற வேண்டிவரும்.

இவற்றுக்கு மேலே, எல்லாப் பக்கமும் அசையும் கணுக்கால் கொண்ட பாதம் கரடுமுரடான தரைக்கு நல்லது. கார்பன் ஃபைபர் பாதம் ஊன்றும்போது வளைந்து, எடுக்கும்போது திரும்ப உந்தும். வேகமாக நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் ஏற்றது. விலை லட்சத்தைத் தொடும். வீட்டுக்குள்ளும் தெருமுனைக் கடைவரையும் நடக்கும் 65 வயதுக்காரருக்கு அது வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல சாக்கெட்டுக்கும் உள் உறைக்கும் செலவிட்டால் பலன் அதிகம். விரல்களோ முன்பாதமோ மட்டும் போனவர்களுக்கு முழுக் கால் தேவையில்லை; ஷூவுக்குள் வைக்கும் நிரப்பியோ சிலிக்கான் பாதமோ போதும்.

உயரமும் சாய்வும்

கால் தயாரானதும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கவைத்து, இடுப்பின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நடக்கவிட்டு, சாக்கெட்டுக்குக் கீழே பாதம் இருக்கும் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவார்கள். பாதம் சற்று முன்னே தள்ளியிருந்தால் முழங்கால் பின்னுக்கு வளையும். பின்னே இருந்தால் முழங்கால் திடீரென மடங்கும்.

அன்றைக்கு ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ எடுத்துப் போங்கள். கால் அந்தக் குதிகால் உயரத்துக்கு ஏற்பத்தான் சரிசெய்யப்படும். பிறகு வேறு உயரத்தில் செருப்பு வாங்கினால், கால் சரியாக இருந்தும் நடை கெடும்.

முதல் சில மாதங்கள்

புதுக் காலை முதல் நாளே காலை முதல் இரவுவரை போடக் கூடாது. 15 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் போட்டுக் கழற்றுங்கள். தோலைப் பாருங்கள், பின்புறம் தெரிய ஒரு கைக்கண்ணாடி போதும். எடை தாங்கும் இடங்கள் சிவந்திருப்பது இயல்பு. அந்தச் சிவப்பு 10, 15 நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டாலோ, எலும்பு முட்டும் இடத்தில் சிவந்திருந்தாலோ, கொப்புளம் கண்டாலோ காலைப் போடாமல் பொருத்திய இடத்துக்குப் போங்கள். பஞ்சு வைத்துக் கட்டி மேலே மாட்டுவது தவறு. பஞ்சு அழுத்தத்தைக் கூட்டத்தான் செய்யும். சிவப்பு மறைந்தால், நேரத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டலாம்.

செயற்கைக் காலில் எடை போட முதலில் பயமாக இருக்கும். உடம்பு தானாகவே நல்ல காலின் பக்கம் சாயும். இதற்கு ஒரு பயிற்சி. எடை பார்க்கும் மெஷின்மேல் செயற்கைக் காலையும், அதே உயரப் பலகைமேல் நல்ல காலையும் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முள் உங்கள் எடையில் பாதியைக் காட்டும்வரை மெல்ல எடையை மாற்றிப் பழகுங்கள். நிற்பது சரியானால் நடை தானாகச் சீராகும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலமானாலும் பஸ் படியானாலும் விதி ஒன்றுதான். கூட்டம் இல்லாத நேரத்தில் கைப்பிடியோடு பழகிவிட்டு, அப்புறம் காலை நேர நெரிசலுக்குப் போங்கள்.

முதல் ஓராண்டில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே போகும். சாக்கெட் தளர்ந்தால் ஸ்டம்ப் உள்ளே கூடுதலாக இறங்கி, நுனியும் முழங்கால் சில்லும் இடிக்கும். "கால் டைட்டாகிவிட்டது" என்று பலர் இதைத் தப்பாக நினைப்பதுண்டு. ஸ்டம்ப்மேல் ஒரு காலுறை கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். வலி குறைந்தால் பிரச்சினை தளர்வுதான். நான்கைந்து காலுறை போட்டும் ஆடினால், புதுச் சாக்கெட் செய்ய நேரமாகிவிட்டது. முதல் சாக்கெட் நிரந்தரம் இல்லை என்பதை முன்னாலேயே மனத்தில் வைத்துப் பணமும் ஒதுக்க வேண்டும்.

சென்னை வெயிலில் உறைக்குள் வியர்வை தேங்கும். தோல் ஊறிப் புண்ணாகும். கையில் ஒரு மாற்றுக் காலுறை வைத்திருந்து மதியம் மாற்றிவிடுங்கள். இரவில் ஸ்டம்ப்பையும் சாக்கெட்டின் உட்புறத்தையும் மிதமான சோப்பில் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். மாட்டும் முன் எண்ணெய், கிரீம் எதுவும் தடவ வேண்டாம். ஸ்டம்ப்பில் முடியை மழிக்கவும் வேண்டாம். நடுராத்திரி கழிப்பறைக்கு ஒற்றைக் காலில் தத்திப் போய் விழுபவர்கள் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வாக்கர் இருக்கட்டும்.

எங்கே போவது?

இந்தப் பக்கத்தவர்களுக்கு முதல் இடம் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம். கால் செய்வதும் நடைப்பயிற்சியும் ஒரே வளாகத்தில். அம்பத்தூரிலிருந்து பாடி, கோயம்பேடு, வடபழனி வழியே நூறடிச் சாலையில் போகலாம். பூந்தமல்லியிலிருந்து போரூர், வளசரவாக்கம் வழி. முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனத்திலும் செயற்கை உறுப்புப் பிரிவு உண்டு. ஆனால் அது தொலைவு. திரும்பத் திரும்பப் போகும் செலவைக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

சங்கங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் இலவச முகாம்கள் பெரிய உதவி. அளவு கொடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "அப்புறம் வலிச்சா, தளர்ந்தா, எங்கே வரணும்?" முகவரியோடு பதில் வந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எந்த மாவட்டத்துக்குப் போவது என்பதில் இங்கே குழப்பம் வரும். அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். உங்கள் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையே அணுக வேண்டும். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவச் சான்று இருந்தால் பெரும்பாலான சலுகைகள் திறக்கும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசப் பயணம் கிடைத்தால், அடுத்தடுத்த சரிபார்ப்புகளுக்குப் போய்வருவது எளிதாகும். 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் வருமானத்தைப் பொறுத்துக் காலே இலவசமாகக் கிடைக்கும்.

வேலையும் சட்டமும்

தொழிற்பேட்டையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளி என்றால், செயற்கைக் கால் இ.எஸ்.ஐ. மருத்துவ உதவியிலேயே அடங்கும். வேலையிடத்து விபத்தாக இருந்தால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைப் பொறுத்து நிரந்தர ஊன உதவித்தொகையும் உண்டு. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் இதில் சேரலாம். விபத்து அறிக்கையைக் கம்பெனி அனுப்பியதா என்று குடும்பத்தார் உடனே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள், ரயில்வே, மாநகரப் போக்குவரத்து என அரசு சார்ந்த நிறுவனங்களில் இருப்பவர்கள் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். "விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடு" என்று யார் சொன்னாலும், இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்துக்குப் பின் வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் காலோடு 1984இல் மறுபடி மேடை ஏறினார். இடைப்பட்ட காலத்தில் வலியும் பயிற்சியும் தவறிய அடிகளும் இருந்தன. எல்லாரும் மேடை ஏற வேண்டியதில்லை. ரேஷன் கடைக்குப் போய்வருவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் போதும். அதற்கும் மாதக்கணக்கில் பொறுமை தேவை.

காலை இழந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். "நமக்கு இது ஒத்துவராது" என்று மூலையிலும் வைத்துவிடாதீர்கள். இப்போதே வீட்டில் ஒரு கால் சும்மா கிடந்தால், அதைப் பையில் போட்டுக்கொண்டு, போடும் செருப்பையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே பொருத்திய இடத்துக்குப் போய், எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டுங்கள். சரியாகும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள்.